சுவரில் நான் திருத்திய எழுத்து

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்து வயிறு வளர்க்கிறவள் நான். அச்சகத்தில் புரூப் பார்ப்பது என் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் இதில் ஒரு பொய்யைக் கலப்பேனா? கிழமை, மணி எல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் வீடு தேடியபோது நடந்தது இது.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எனக்கு முதல் கண்ணாடி போட்டுவிட்டதே அவர்தான். "கண்ணாடியை மாட்டினதும் முதல்ல தெரிஞ்சது என் மூஞ்சி. பாவம், வேற எதையும் பாக்க டைம் கிடைக்கல இவளுக்கு" என்று கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர்.

போன வருடம் கடையிலேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வலி தொடங்கியதும் எனக்குத்தான் போன் பண்ணியிருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புரூப் இருக்கு, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டேன். கடைப் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை வந்தா அரை மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும்மா. அதுக்கு மேல போனா என் கையில இல்ல."

அப்போது நாங்கள் குடியிருந்தது நகரத்தின் மறுகோடியில். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதென்று.

பக்கத்தில் என்றால் இரண்டு பேட்டைகள் இருந்தன. நடுவில் ஒரு பெரிய கால்வாய். கிழக்குப் பேட்டையில் ஆஸ்பத்திரி, புதுப்புது அடுக்குமாடிகள், அகலமான ரோடு. மேற்குப் பேட்டையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள், குறுகலான சந்துகள். இரண்டையும் சேர்ப்பது ஒரே ஒரு பாலம். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம்.

எந்தப் பக்கம் போகலாம் என்று இவரைக் கேட்டால், "நீயே பாரு. பிழை பிடிக்கிறவ நீ. நீ சரின்னா நான் கண்ணை மூடிட்டு வர்றேன்" என்றார்.

எந்தப் புத்தகத்தையும் நான் மூன்று தடவை பார்ப்பேன். முதல் புரூப், இரண்டாம் புரூப், கடைசி புரூப். வீட்டையும் அப்படியே பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன். நோட்டில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு என்று எழுதினேன். தண்ணீர், வெளிச்சம், படி, சத்தம், அக்கம்பக்கம், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம். வேலை விட்டு வந்தால்தான் முடியும் என்பதால் எல்லாமே சாயங்காலம்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை. முதல் புரூப்.

மாலை 5.40. கிழக்குப் பேட்டை. மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. தரை வழுவழு என்று இருந்தது. வராந்தாவில் எட்டுக் கதவுகள், எட்டும் சாத்தியிருந்தன. தண்ணீர் எப்படி என்று கேட்க ஒரு கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "வரும்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. வண்டியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு நான்கு நிமிடம்.

மாலை 6.35. மேற்குப் பேட்டை. புரோக்கர் பூட்டைத் திறந்தார். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு பின்னறை. எல்லாம் தரைத்தளம். அடுத்த வாசலில் ஒரு தையல்காரப் பெண் மிஷினை நிறுத்திவிட்டு, "வீடு பாக்க வந்தீங்களாக்கா? காலைல உள்ள வெயில் அப்படியே வந்து உக்காரும்" என்று சிரித்தாள். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பதினொரு நிமிடம்.

ஏழு நிமிடம்தான் வித்தியாசம். இரண்டுமே அரை மணிக்குள். அதை எழுதி அடிக்கோடு போட்டேன்.

பின்னறைக்குப் போனேன். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில், என் நெஞ்சு உயரத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது.

இவருக்கு அக்கரை வேண்டும்.

எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. எழுதியது போல இல்லை, வரைந்தது போல இருந்தன. கீழே தரையில் பென்சில் தூள் சிந்தியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அக்கறை என்றால் கவனிப்பு, பரிவு. அதற்குப் பெரிய ற போட வேண்டும். பாதிப் பேர் சின்ன ர போடுவார்கள். அந்த வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததே இருதய நோயாளிகளின் வீட்டாருக்கான ஒரு கையேடு. அதில் மட்டும் பதினோரு இடத்தில் இதே பிழை. இந்த ஒரு சொல்லை வாழ்நாளில் பத்தாயிரம் தடவையாவது திருத்தியிருப்பேன். கை தானாகப் போகும்.

போயிற்று. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ரை மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் றை என்று எழுதினேன்.

"என்ன மேடம், சுவத்தையும் விட மாட்டீங்களா?" என்றார் புரோக்கர். பிறகு கிட்டே வந்து பார்த்தார். "இது எப்ப வந்துச்சு? முந்தாநாள்தான பெயிண்ட் அடிச்சோம்…"

பெயிண்டர் யாராவது கிறுக்கியிருப்பான் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே வந்தோம்.

வெள்ளிக்கிழமை. இரண்டாம் புரூப்.

கிழக்கில் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அதே கதவுகள், அதே அமைதி. கிளம்பி மேற்குக்கு வந்தபோது மணி 6.48. புரோக்கர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன்.

அந்த வரி இருந்தது.

இவருக்கு அக்கரை வேண்டும்.

என் சிவப்பு மையைக் காணோம். அழித்த தடம் இல்லை. மேலே பெயிண்ட் பூசிய அடையாளமும் இல்லை. என் கோடு அங்கே இருந்ததே இல்லை என்பது போல் இருந்தது சுவர். போன தடவையைவிட எழுத்துகள் பெரிதாக, அழுத்தமாக இருந்தன.

உங்களுக்கெல்லாம் பயம் வந்திருக்கும். எனக்கு வந்தது கோபம். நான் திருத்திய எழுத்தை எவனாவது பழையபடி மாற்றி வைத்தால் எனக்குத் தலைக்கு மேல் ஏறும். இதற்காக அச்சகத்தில் ஓர் ஆளிடம் ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். மறுபடி பேனாவை எடுத்தேன். கோடு. றை. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'வல்லின ற!' ஆச்சரியக்குறியோடு.

பேனாவை மூடினேன்.

கர்ர்… கர்ர்…

முதுகுக்குப் பின்னால். கரகரப்பான சுவரில் பென்சில் உரசும் சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. அந்தப் பக்கச் சுவரும் வெறுமையாக இருந்தது.

"சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?" என்று வாசலுக்கு வந்து கேட்டேன்.

"என்கிட்ட மட்டும்தான் மேடம். ஏன்?"

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நோட்டில் எலி என்று நான் எழுதவில்லை. 'பின்னறை, சத்தம், 6.53' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி புரூப். அன்றைக்கு இவரையும் அழைத்துப் போனேன்.

கிழக்கில் லிஃப்ட்டைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "ஏத்தி இறக்க நான் என்ன மூட்டையா?" மேலே போய் அந்த எட்டுக் கதவுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏம்மா, இங்க ஒருத்தன் போய்ச் சேந்தாக்கூட நாத்தம் வந்தாத்தான் அடுத்த வீட்டுக்குத் தெரியும் போல."

"வாயைக் கழுவுங்க முதல்ல" என்று அதட்டினேன்.

மேற்குக்கு வந்தபோது மணி 6.40. புரோக்கர் ஒரு நாற்காலி கொண்டுவந்து கூடத்தில் போட்டார். இவர் உட்கார்ந்தார். தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான், இவர் அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யாரும்மா உனக்கு இதைப் போட்டது? ஊசியில நூல் கோக்க முடியுதா இதை வச்சுக்கிட்டு?" என்று ஆரம்பித்துவிட்டார். நோய் வந்த பிறகு அவர் அப்படிக் கலகலவென்று பேசி நான் பார்க்கவில்லை. அவரைப் பேசவிட்டு நான் பின்னறைக்குப் போனேன்.

6.52. மின்சாரம் போயிற்று.

கூடத்தில் தையல்காரி, "இதோ வந்துரும்" என்பது கேட்டது. நான் போனில் விளக்கைப் போட்டேன். சுவருக்கு நேராகப் பிடித்தேன்.

இவருக்கு அக்க

அதோடு நின்றிருந்தது.

என்னுடைய கோடு, என்னுடைய றை, என்னுடைய ஆச்சரியக்குறி… எதுவும் இல்லை.

கர்ர்…

இந்தத் தடவை பின்னால் இல்லை. எனக்கு முன்னால்.

விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழி ஒன்று சுவரில் வருகிறது. கை இல்லை. பென்சில் இல்லை. சுழி மட்டும். மெதுவாக. சின்னக் குழந்தை எழுதுவது போலத் தயங்கித் தயங்கி…

நின்றது.

யோசிப்பது போல.

பிறகு ஒரு மேல்கோடு. அதிலிருந்து இறங்கும் கோடு.

கர்ர்…

சின்ன ர.

அழுத்தி, அழுத்தி, அதன் மேலேயே மறுபடியும். சுவரில் காரை உதிர்ந்தது.

என் கால் நகரவில்லை. ஆனால் கை… இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் கை பேனாவோடு உயர்ந்தது. பழக்கதோஷம்.

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

ஈரமான கை. சின்னக் கை. முரட்டுப் பிடி இல்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறவர்கள் பிடிப்பார்களே… அப்படி.

காதுக்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஒரு விசும்பல்.

இன்னொன்று.

6.57. விளக்கு வந்தது.

சுவர் வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை. என் மணிக்கட்டு நனைந்திருந்தது.

கூடத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள போய் எதுக்கும்மா அழுதே?"

"நான்… அழலையே."

"கேட்டுச்சே. தேம்பித் தேம்பி அழுதியே. தையல்காரம்மாவும் கேட்டாங்க."

தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று தன் வாசலுக்குப் போய்விட்டாள். அதை அன்றைக்கு நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், இவ்வளவு நடந்தும் அந்த வீட்டுக்கு எவளாவது போவாளா என்று. எனக்குப் புத்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது என் மனசு எங்கே போயிற்று தெரியுமா? அந்தப் போனுக்குப் போயிற்று. "புரூப் இருக்கு, அப்புறம் பேசறேன்." அந்த ஒரு வாக்கியத்துக்குப் போயிற்று.

இவருக்கு அக்கறை வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன். நெஞ்சு வலியோடு கூப்பிட்டவரிடம் போனை வைத்தவளைப் பார்த்து, யாரோ முகம் தெரியாத ஒருத்தி கையைப் பிடித்து அழுது சொல்கிறாள், இவரைக் கவனித்துக்கொள் என்று. பேயாக இருந்தால்தான் என்ன? கிழக்கில் உயிரோடு இருக்கிறவர்களே சங்கிலியைக் கழற்றவில்லை. இந்த வீட்டில் ஒரு பேய்கூட என் புருஷனுக்காக அழுகிறது என்று நினைத்தேன்.

"எங்க போகலாம்?" என்று கேட்டார்.

"மேற்கு" என்றேன்.

சிறு பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அங்கே நான்கு மாதம் இருந்தோம். அந்த வரி திரும்ப வரவில்லை. சத்தமும் இல்லை. நான் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டேன், அதையாவது சொல்லிக்கொள்கிறேன். மத்தியான வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அச்சகத்திலிருந்து மூன்று தடவை போன் பண்ணுவேன். "உயிரோட இருக்கியான்னு கேக்கறதுக்கு மூணு போனா? ஒண்ணு போதும்மா, இருந்தா எடுப்பேன்" என்று கேலி செய்வார். தையல்காரிக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். காலையில் பின்னறை ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து சந்தில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் வம்பளப்பார். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவைதான்.

புதன்கிழமை காலை 7.41.

முகம் மழித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஒரு மாதிரியா…" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

7.42. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். கிளம்பிவிட்டது என்றார்கள்.

7.50. வரவில்லை.

7.54. ஓட்டுநரே கூப்பிட்டார். "பாலத்துல லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சு குறுக்க நிக்குதும்மா. ரெண்டு பக்கமும் ஸ்கூல் வண்டி. பின்னாலயும் போக முடியல."

காலையில் அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. மூன்று புரூப் பார்த்தேன். மூன்றும் சாயங்காலம்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். முன்னால் தையல்காரியின் வீட்டுக்காரர், பின்னால் எதிர்வீட்டுக்காரர், பக்கத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு தையல்காரி. பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே ஆள் நுழைய இடம் தேடித் தேடிப் போனோம். ஹாரன் சத்தம். பாதிப் பாலத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. கையைத் தூக்கி அதை மேலே தள்ளிவிட்டார்.

8.19. ஆஸ்பத்திரி வாசல். முப்பத்தெட்டு நிமிடம்.

டாக்டர் வெளியே வந்து, "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி…" என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் நான் எதையும் நோட்டில் குறிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் தையல்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அக்கரையில இருந்திருந்தா பொழச்சிருப்பாருக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் அக்கறைக்கு என்னடி குறைச்சல்? நாலு மாசமா உன் கண்ணால பாத்தல்ல? நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு… இன்னும் எப்படிப் பாக்கணும்?"

அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, நான் அதைச் சொல்லலக்கா. அந்தப் பக்கத்தைச் சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தாண்ட. இங்க பொறந்து வளந்தவங்க எல்லாம் கிழக்கை அக்கரைன்னுதான் சொல்லுவோம். அந்தக் கரை… அக்கரை. அங்க இருந்திருந்தா பாலம் தாண்ட வேண்டியதில்லையேன்னு…"

அக்கரை.

சின்ன ர.

இருபத்தாறு வருடம். பத்தாயிரம் தடவை. அது வேறொரு சொல்லாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

இவருக்கு அக்கரை வேண்டும். அந்தக் கரைதான் இவருக்கு வேண்டும். அங்கே போங்கள். இங்கே வேண்டாம். மூன்று தடவை சொன்னது. கையைப் பிடித்துச் சொன்னது. நான் சிவப்பு மையால் அடித்தேன்.

தையல்காரி என் தோளை உலுக்கினாள். சுவரில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அப்ப… அன்னிக்கு அழுதது அந்தக்காதான்" என்றாள். "எனக்குக் குரல் தெரிஞ்சுதுக்கா. வர்றவங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு வீட்டுச் சொந்தக்காரர் சத்தியம் வாங்கியிருந்தார். சொல்லாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்கக்கா."

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவளைப் பற்றிச் சொன்னாள். புருஷன் பெயிண்டர். அவருக்கும் நெஞ்சு. அவருக்கும் பாலம். அன்றைக்கு ஏதோ ஊர்வலம், வழி விடவில்லை. அவளே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பாலத்தின் நடுவிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தப் பின்னறையில் தனியாக இருந்து அவளும் போய்விட்டாள். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

"அந்தச் சுவத்துலதான் எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினாங்க. ஆனா அந்தச் சுவரே இப்ப இல்லக்கா. விரிசல் விட்டுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிட்டாங்க. நீங்க பாத்தது புதுச் சுவரு."

நான் திரும்பிப் பின்னறைக் கதவைப் பார்த்தேன். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுக்கா. கைநாட்டு. புருஷன் போனப்புறம் ஒரு நாள் பென்சிலோட என்கிட்ட வந்தாங்க. ஒரே ஒரு வரி எழுதச் சொல்லிக் குடுன்னாங்க. நமக்கப்புறம் இங்க யார் நோயாளியோட வந்தாலும் பாக்கட்டும்னாங்க. மூணு மாசம் ஆச்சு அதைக் கத்துக்க. நான் எழுதிக் குடுத்தேன், எனக்கே ஒரு எழுத்துல சந்தேகம். பெரிய றவா, சின்ன ரவான்னு. ஏதோ ஒண்ணு எழுதுங்க, புரியும்னேன். அந்தக்கா கேக்கல. என்கிட்ட துணி தைக்க வர்ற டீச்சர்கிட்ட நேராப் போய்க் கேட்டுட்டு வந்து, சின்ன ரதான்னு உறுதியானப்புறம்தான் சுவத்துல கை வச்சாங்க."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு அது ஒண்ணுதான் பயம்க்கா. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் படிச்சவங்க யாராவது வந்து, அதை மட்டும் பாத்துச் சிரிச்சுட்டு, சொன்னதை விட்டுடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."